முதல் பெஞ்சில் இரண்டு குரல்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நல்ல கதைகள் கருணையில் பிறக்கும் என்று எங்கோ படித்தேன். எழுதியவருடைய லேப்டாப் ஒழுங்காக வேலை செய்திருக்கும்.

பிறந்த இடம் எங்கள் வீட்டு முன்னறை. சன்னல் பக்கம் அம்மாவின் தையல் மெஷின். எதிரே வெட்டி அடுக்கிய துணிக்கட்டு, அதன்மேல் நான். தைத்து முடித்தவற்றில் தொங்கும் நூல்களைக் கத்தரிப்பது என் வேலை. நடுவில், தரையில், அண்ணன். அவன் உடற்பயிற்சி வாத்தியார். ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறான். லேப்டாப்பில் பாட்டு ஓடும், பாட்டுக்கு மேல் அவனே பதிவு செய்த "ஒண்ணு, ரெண்டு, குனி, நிமிர்" ஓடும். கூடத்தின் கடைசிவரை கேட்க வேண்டும் என்று புதிதாக ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கினான். ஸ்பீக்கரை இணைத்தான். ஸ்பீக்கர் பேசியது. லேப்டாப்பும் பேசியது. பெரியவர்கள் பேசும்போது சின்னவர்கள் வாயை மூட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கையிலிருந்த கத்தரி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் கதை.

எப்படித் தொடங்குவது என்று சில முறை முயன்றேன்.

முதல் தொடக்கம்: "வகுப்பறையின் சன்னல் வழியாக மாலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்த ஒரு" – தேர்வு நடந்தது காலையில். வெயிலும் இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அவள் ஓர் அமைதியான பெண்." இப்படித் தொடங்கும் கதைகளில் அவள் முடிவில் செத்துப்போவாள், இல்லையென்றால் கல்யாணம் செய்துகொள்வாள். எனக்கு இரண்டிலும் அவசரமில்லை.

மூன்றாம் தொடக்கம்: "நாளை என் தங்கை ஒரு தேர்வு எழுதப்போகிறாள். நான் தோற்ற அதே தேர்வு, அதே அறை, அதே பெஞ்சு." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். இனி நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

2.

எங்கள் பள்ளியில் மொழிப் பாடத்துக்குக் கேட்டல் தேர்வு என்று ஒரு பகுதி உண்டு. ஒரு பத்தியை ஒலிக்கவிடுவார்கள். அதைக் கேட்டு, வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். வினாத்தாளின் நெற்றியில் கொட்டை எழுத்தில் இருக்கும்: பத்தி ஒருமுறைதான் ஒலிக்கும். கவனமாகக் கேட்டு விடையளிக்கவும்.

லேப்டாப் டீச்சரின் மேஜைமேல். அதன் விலாவிலிருந்த ஓட்டையில் ஓர் ஒயர். ஒயரின் மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது சத்தத்தைக் காற்றில் அனுப்பும். வகுப்பின் பின்சுவரில் மாட்டியிருக்கும் பெரிய ஸ்பீக்கர் அதை வாங்கிப் பேசும். அனுப்பி வாங்குவதற்குள் கண்சிமிட்டும் நேரம் தாமதமாகும். லேப்டாப் தன் வாயை மூடிக்கொண்டால் அந்தத் தாமதம் ஒருவருக்கும் தெரியாது. அது மூடவில்லை.

பின் பெஞ்சுகளில் ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்டது. நடு பெஞ்சுகளில் யாரோ முணுமுணுப்பது போலச் சின்ன இரைச்சல். மேஜையை ஒட்டிய முதல் பெஞ்சில் என்ன கேட்டது என்றால்:

"கலங்கரை விளக் – கலங் – கத்தைக் காப் – கரை விளக் – பவர் தினமும் – கத்தைக் காப் – எண்ணெய்..."

முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துக்கொண்டே பின்னால் ஒருவர் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. எல்லாரும் ஒருமுறை கேட்டார்கள். எனக்கு மட்டும் இருமுறை, அதுவும் ஒரே நேரத்தில்.

(நான் ஏன் அங்கே இருந்தேன்? நான் பேசினால் யாருக்கும் கேட்பதில்லை என்று டீச்சர் என்னை மேஜையோடு ஒட்டி உட்காரவைத்திருந்தார். ஒருவருக்கும் கேட்காதவளை, எல்லாமே இரண்டாகக் கேட்கும் இடத்தில் வைத்தார்கள். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், மிகை என்று நானே அடித்திருப்பேன்.)

பக்கத்தில் இருந்தவள் கெட்டிக்காரி. பத்தி தொடங்கியதுமே கையைத் தூக்கினாள். "டீச்சர், ஃபேன் காத்துல பேப்பர் பறக்குது." பின்னால் போய்விட்டாள். நானும் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதுவும் இரண்டு முறை கேட்கிறது.

டீச்சர் எங்கே? தேர்வு நேரத்தில் அவர் பின்சுவரோரம் நிற்பார். அங்கிருந்தால் பார்த்து எழுதுகிறவர்களின் முதுகு தெரியும். அவர் தலைக்கு நேர் மேலே பெரிய ஸ்பீக்கர். அவருக்கு ஒரே குரல், கணீரென்று.

நான் எழுதிய விடைகளில் ஒன்றைச் சொல்கிறேன். "காப்பவர் எதை ஏற்றுகிறார்?" என்ற வினாவுக்கு "கரையை" என்று எழுதினேன். எனக்குக் கேட்டது அதுதான்.

3.

விடைத்தாள் கொடுத்த நாளில் வாழ்க்கையிலேயே முதல் முறையாக வகுப்பில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னேன்.

"டீச்சர், குரல் ரெண்டா கேட்டுச்சு."

"ரெண்டா கேட்டுச்சா? அப்ப ரெண்டு மடங்கு மார்க் எடுத்திருக்கணுமே!"

வகுப்பே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வீட்டில் அம்மாவிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இந்தப் பழமொழியை யார் முதலில் சொன்னார்களோ, அவர்களைச் சந்திக்க வேண்டும் போலிருக்கிறது. சண்டைக்கு இல்லை, ஒரு கேள்விதான். அந்தக் கூடத்தை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? நூல் பிடித்துப் பார்த்தீர்களா? இத்தனை காலமாக இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருத்தராவது மட்டக்கோலை எடுத்துக்கொண்டு போனதுண்டா? கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்து, தடுக்கி விழுந்த ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாளா?

அம்மா அப்படிச் சொன்னாலும் என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். எறும்பு நடப்பது போன்ற சத்தத்துக்குக்கூட அமுக்கினேன். "பொண்ணுக்குப் பிரமாதமான காது" என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார்.

அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. காதில் கோளாறு இருந்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள், பின் பெஞ்சுக்கு மாற்றியிருப்பார்கள். பிரமாதமான காது! அப்படியானால் கேட்காதது யார் குற்றம்? மறுதேர்வு வைத்தார்கள். அதே மேஜை, அதே லேப்டாப், அதே பெஞ்சில் நான் மட்டும். டீச்சர் பின்னால் போய் உட்கார்ந்து வேறு வகுப்பின் தாள்களைத் திருத்தினார். மறுபடியும் இரண்டு குரல். மறுபடியும் கரையை ஏற்றினேன்.

மதிப்பீட்டு அட்டையில் என் பெயருக்கு எதிரே 'கவனமின்மை' என்று எழுதினார்கள். அந்தப் பகுதியில் தேறாதவர்கள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. பள்ளி திறந்த அன்று துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து நூல் கத்தரிக்கத் தொடங்கினேன். போ என்று யாரும் அடிக்கவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. பேசாத பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் அந்தச் சத்தமும் யாருக்கும் கேட்பதில்லை.

4.

இப்போது மறுபடி முன்னறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"நேத்து கிளாஸ்ல மானமே போச்சும்மா" என்றான் அண்ணன். "லேப்டாப் 'குனி'ன்னு சொல்லும்போது ஸ்பீக்கர் இன்னும் 'நிமிர்'ல இருக்கு. முன் வரிசை குனியுது, பின் வரிசை நிமிருது. நடுவுல ஒரு அங்கிள் ரெண்டு பக்கமும் பாத்துட்டு அரைக்குனிவுலயே நிக்கிறார். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆட்டோ வரவச்சு அனுப்பினேன்."

"லேப்டாப் சத்தத்தைக் குறைக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா.

"குறைச்சா ரெண்டும் சேந்து குறையுது. லேப்டாப்பை ஊமையாக்கினா ஸ்பீக்கரும் ஊமையாயிடுது."

"ஊமையாக்கணும்னா அக்கா பக்கத்துல வைண்ணா" என்றாள் தங்கை, சுவரில் சாய்ந்து பாடப் புத்தகத்தைப் படிப்பதுபோல் பிடித்தபடி. "ஒட்டிக்கும்."

இவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். எனக்கு ஊமைக்கோட்டான். பள்ளியில் இவளையும் முதல் பெஞ்சில்தான் வைத்திருக்கிறார்கள். என்னை வைத்த காரணத்துக்கு நேர் எதிரான காரணம்: பின்னால் வைத்தால் வகுப்பு முழுவதும் இவள்தான் ஒலிபரப்பு.

அண்ணன் இணையத்தில் தேடினான். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். அணைத்துவிட்டுத் திரும்பப் போடவும். போட்டான். மென்பொருளைப் புதுப்பிக்கவும். புதுப்பித்தான், அம்மா ஓர் உறை முழுக்கத் தைத்து முடிக்கும்வரை புதுப்பித்துக்கொண்டே இருந்தது. ஒலி அமைப்புகளுக்குள் சென்று சரியான வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கவும். தேர்ந்தெடுத்தான். "ஒண்ணு ஒண்ணு ரெண்டு ரெண்டு குனி குனி" என்றது.

* (இங்கே ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும். என் தாளில் அடிப்பக்கம் நிரம்பிவிட்டதால் இங்கேயே: இந்த யோசனைகளையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குக் காது சூடானது. உன்னை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார். உன்னைப் புதுப்பித்துக்கொள். உனக்குள்ளே போய்ச் சரியானதைத் தேர்ந்தெடு. எனக்குச் சொன்ன அதே புத்திமதிகள், இயந்திரத்துக்கும்! சீக்கிரம் தூங்கு, மனசை ஒருநிலைப்படுத்து, கவனி, கவனி, கவனி. ஒருவராவது அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன்மேல் என்ன போர்த்தியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்களா?)

நான் துணிக்கட்டிலிருந்து இறங்கினேன். அந்தத் தப்புத்தாளம் எனக்கு நன்றாகத் தெரியும். அது என் வருடங்களைத் தின்ற தாளம். பள்ளியில் இருந்தது போலவே இவனுடையதிலும் ஓர் ஒயர், அதன் முனையில் தீப்பெட்டிக் கருவி. ஒயர் நுழையும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அமுக்கினேன். ஒயர் நுனியிலிருக்கும் முள் உள்ளே போய், கொஞ்சம் வெளியே வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்தது. ஏதோ மெத்தென்று தடுத்தது.

"அண்ணா, சட்டையைக் கழட்டு."

"என்னது?"

"உன் சட்டை இல்ல. லேப்டாப் சட்டை."

5.

இங்கே கதையை நிறுத்துகிறேன். மேலே போகும் முன் இரண்டு பாத்திரங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒன்று, டீச்சர். இவரை வில்லியாக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும். முயன்றேன். "கடுகடுத்த முகமும் கையில் பிரம்புமாக" என்று ஆரம்பித்தேன். பிரம்பெல்லாம் இல்லை. ஒருநாள் வகுப்பில் என் பாவாடையில் கறை பட்டபோது, அதை வேறு யாரும் பார்க்கும் முன் தன் சால்வையை என் இடுப்பில் கட்டிவிட்டு, ஏதோ வேலை சொல்வதுபோல் வெளியே அனுப்பியவர் அவர். அந்தச் சால்வையை அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தபோது, "எதுக்கு இது? ஓ, மறந்தே போயிட்டேன்" என்றார். மறந்திருக்க மாட்டார். இந்தச் சால்வை வில்லிமேல் நிற்கவில்லை, நழுவி நழுவி விழுகிறது. நல்லவர்கள்மேல் கோபப்படுவதைவிடக் களைப்பான வேலை இல்லை.

இன்னொன்று, அம்மா. அம்மாவை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு வரியில் முயல்கிறேன்: அம்மாவின் தையல் பிரியாது. இது பெருமையாகச் சொல்வதில்லை, ஊரே சொல்வது. மற்றவர்கள் ஒரு மடிப்பு மடித்து ஒரு தையல் போடும் இடத்தில் அம்மா இரண்டு மடிப்பு மடித்து இரண்டு தையல் போடுவாள். "நாளைக்கு ஒருத்தர் வந்து பிரிஞ்சுபோச்சுன்னு நிக்கக் கூடாது" என்பாள். பைகள், திரைகள், பிறகு லேப்டாப்புக்கு உறை. திறந்து வேலை செய்யும்போதும் கழற்ற வேண்டாத உறை. அடியையும் ஓரங்களையும் கட்டிப்பிடித்திருக்கும். உள்ளே பஞ்சு. ஒயர்கள் நுழையும் இடங்களில் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைகளின் விளிம்பில்தான் அம்மாவின் கைவரிசையைப் பார்க்க வேண்டும். துணியைச் சுருட்டி, மடித்து, மறுபடி மடித்து, சுற்றிச் சுற்றி இரட்டைத் தையல். வடை மாதிரி புடைத்து நிற்கும்.

அண்ணனுக்குப் போன வாரம் ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கு அதற்கு முன்பே கொடுத்திருந்தாள். எல்லா லேப்டாப்புக்கும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கரையை ஏற்றிய அந்த வருடம்.

இப்போது தெரிகிறதா நான் ஏன் நிறுத்தினேன் என்று? கோபத்துக்கு ஒரு முகவரி வேண்டும். இத்தனை நாளாக நான் எழுதி வைத்திருந்த முகவரி பள்ளிக்கூடம். தேடிக்கொண்டு போனால் அது எங்கள் வீட்டு முன்னறையில், சன்னல் பக்கம் வந்து நிற்கிறது.

6.

அண்ணன் உறையைக் கழற்றினான். முள்ளை அழுத்தினான். 'டிக்' என்று ஒரு சத்தம். லேப்டாப் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. ஸ்பீக்கர் மட்டும் தனியாக, தெளிவாக, "ஒண்ணு, ரெண்டு, குனி" என்றது.

விஷயம் இவ்வளவுதான். விளிம்பு தடித்திருந்ததால் முள் முக்கால்வாசிதான் உள்ளே போயிருக்கிறது. சத்தம் போவதற்கு அது போதும். ஆனால் 'வெளியே ஸ்பீக்கர் வந்துவிட்டது, நீ சும்மா இரு' என்று லேப்டாப்புக்குச் சொல்லும் விசை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அதை முள் தொடவே இல்லை.

"அம்மா!" என்று கத்தினான் அண்ணன். "வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கான்! உன் தையல்தாம்மா! ஐயோ, அந்த அங்கிளோட இடுப்பு உன் கணக்குல!"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, சிரிப்பின் நடுவிலேயே, "எங்க கிளாஸ் லேப்டாப்புக்கும் இதே உறைதானேம்மா? திங்கக்கிழமை எனக்குக் கேட்டல் டெஸ்ட் இருக்கு" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மெஷினின் மிதியில் அம்மாவின் கால் நின்றது.

அம்மா என்னைப் பார்த்தாளா? இந்த இடத்தில் "அம்மாவின் கண்கள் கலங்கின" என்று எழுத என் கை வருகிறது. கலங்கவில்லை. அம்மா குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சின்னக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போறேன். நீயும் வா" என்றாள்.

"நான் எதுக்கு?"

"வான்னா வா."

7.

(இந்தப் பகுதியின் முதல் வடிவத்தில், பள்ளி வாசலில் எனக்குக் கால் நடுங்கியது, பழைய நினைவுகள் அலைமோதின என்றெல்லாம் எழுதியிருந்தேன். பொய். செருப்பு வார் அறுந்துபோய் இழுத்துக்கொண்டு நடந்தேன். கவனம் முழுக்க அதில்தான் இருந்தது. பாருங்கள், எனக்கும் கவனம் உண்டு.)

சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. டீச்சர் மட்டும் வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க. உங்க உறை இத்தனை வருஷமாச்சு, ஒரு நூல் பிரியல!"

"அதான் டீச்சர், பிரிக்க வந்திருக்கேன்" என்றாள் அம்மா. "ஓட்டை கொஞ்சம் அளவு தப்பாயிடுச்சு. அந்தப் பரீட்சைப் பாட்டை, அதான் அந்தப் பேச்சை, ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்களா? சரி பாத்துட்டுப் போயிடறேன்."

"போன வருஷத்துது இருக்கு, போட்டுக்கோங்க. நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்." டீச்சர் ஒயரைச் செருகி, பத்தியை ஓடவிட்டுப் போனார்.

அம்மா முதல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். எந்த இடம் என்று நான் காட்டவில்லை. பெஞ்சுக்கும் எழுதும் பலகைக்கும் நடுவே அம்மாவின் உடம்பு நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வெளியே நீட்டி உட்கார்ந்தாள்.

"தபால்கா – தபால் – ரர் மழையில் – காரர் மழை – நனைந்தபடி..."

அம்மா முழுவதும் கேட்டாள். கொஞ்சம் கேட்டதும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதவந்த பிள்ளை மாதிரி, கடைசிச் சொல் இரண்டு தடவை முடியும்வரை கேட்டாள்.

பிறகு கத்தரியை எடுத்தாள். தன் தையலைத் தானே பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். இரட்டைத் தையல் அல்லவா? ஒவ்வொரு கண்ணியாக வெட்டி இழுக்க வேண்டியிருந்தது. பிரித்த நூலைத் தரையில் போடாமல் உதட்டில் கவ்விக்கொண்டாள். மடிப்பை வெட்டித் தட்டையாக்கி, ஒயரை அழுத்தினாள். டிக்.

"நீ போய் உக்காரு" என்றாள்.

"நீயே கேட்டுப் பாரேன்ம்மா."

"எனக்கு என்ன தெரியும்? அன்னைக்குக் கேட்டவ நீ." நூல் வாயிலிருந்ததால் வார்த்தைகள் கொழகொழத்து வந்தன. "உன் காதுதான் வேணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

உட்கார்ந்தேன். பத்தி ஓடியது. தபால்காரர் மழையில் நனைந்தபடி ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். பின்சுவரிலிருந்து வந்த ஒரே குரல். எல்லாச் சொல்லும் தன் தன் இடத்தில். எவ்வளவு சுலபமான பத்தி! கோபம் வந்தது, பாருங்கள். அழுகை வரும் என்று நினைத்த இடத்தில் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா? இதற்கா?

"ஒண்ணுதான் கேக்குது" என்றேன்.

"நல்லாக் கேளு."

"ஒண்ணுதாம்மா."

அம்மா தலையாட்டினாள். அப்படியானால் திங்கட்கிழமை ரேடியோவுக்கும் ஒன்றுதான் கேட்கும். அவள் தோற்றால், அது அவளே சொந்தமாகத் தோற்பதாக இருக்கும். அந்த உரிமையாவது ஒருத்திக்குக் கிடைத்தது.

அப்போது டீச்சர் திரும்பி வந்தார். மேஜைமேல் கிடந்த பிசிறுகளைப் பார்த்து, "அழகா இருந்ததைப் போய்ப் பிச்சுட்டீங்களே!" என்றார். பிறகு பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ பெரியவதானே? எங்கிட்டதானே படிச்ச?"

தலையாட்டினேன்.

"நல்ல பொண்ணாச்சே. ஏம்மா, நீ எதுக்குப் படிப்பை விட்ட?"

8.

கேள்வி வந்துவிட்டது. அறையில் மூன்று பேர். லேப்டாப் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இனி முடிவு.

முடிவு அ: நான் எழுந்து நின்று பேசுகிறேன். முள், விளிம்பு, விசை, இரண்டு குரல், பிரமாதமான காது, எல்லாம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய அட்டையைத் தேடி எடுத்து 'கவனமின்மை'யை அடிக்கிறார். இந்த முடிவில் நான் மூச்சு விடாமல் முழு முழு வாக்கியமாகப் பேசுகிறேன். தங்கை படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதோடு, பேசும் நேரம் முழுவதும் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், தன் தையலை நான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு. பள்ளி அடுத்த உறைகளை வேறு யாரிடமாவது கொடுக்கும். பேசாதவள் பேசியதன் விலையை அம்மா கட்ட வேண்டும்.

முடிவு ஆ: "வீட்டுச் சூழ்நிலை டீச்சர்" என்கிறேன். டீச்சர் 'உச்' கொட்டுகிறார். வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் மரியாதை, அட்டையில் மட்டும் அந்தச் சொல் அப்படியே இருக்கும். உலகத்தில் அதிகமாக நடப்பது இந்த முடிவுதான். அதனாலேயே எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிவு இ: அம்மா உதட்டிலிருந்த நூலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "டீச்சர், இவ விடல. நான்தான்

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். இது அம்மாவுடைய வாக்கியம். அதை அவள் வாயில் நான் திணித்தால், என் அட்டையில் அவர்கள் எழுதியதற்கும் நான் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான்தானே அங்கே இருந்தேன். சொல்லப்போவதில்லை. உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் நான் "கரையை" என்று எழுதியதைப் படித்தபோது, 'இவளும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்' என்று ஒரு நொடி நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்காதவர்கள் பின் பெஞ்சுக்குப் போய்விடலாம், ஃபேன் காற்று இல்லாத இடமாகப் பார்த்து.

தூக்கியவர்கள் வந்து என் இடத்தில் உட்காருங்கள். அப்படித்தான், மேஜையை ஒட்டி. பலகை கொஞ்சம் இடிக்கும், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். உங்கள் வலப்பக்கம் அம்மா நிற்கிறாள். அவள் உதட்டில் இன்னும் அந்த நூல் இருக்கிறது. அவள் உங்களைப் பார்க்கிறாள். நீ என்ன சொன்னாலும் சரி என்பதுபோலவும், எதுவும் சொல்லிவிடாதே என்பதுபோலவும். எதிரே டீச்சர், தோளில் அதே சால்வை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

"ஏம்மா, நீ எதுக்குப் படிப்பை விட்ட?"

வினா ஒருமுறைதான் ஒலிக்கும். கவனமாகக் கேட்டு விடையளிக்கவும்.